வேலை தேடுவார்க்கு ஓர் ஆற்றுப்படை

ஆண்டுதோறும் பரீட்சைகள் நெருங்கிவரும் மாசி, பங்குனித் திங்களில் நம் கல்லூரி முற்றத்தில் ஒரு காட்சி தவறாது தோன்றுகின்றது. இறுதி வகுப்பு மாணவர் மூவரும் நால்வருமாக மரநிழலிற் கூடி, கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி நிற்பர். அத்தாள் பாடக்குறிப்பன்று, வினாத்தாளும் அன்று. வேலை கொடுப்போர் ரெஸ்யூம் என்றும், கடைத்தெருவிற் கணினி வைத்திருப்போர் பயோடேட்டா என்றும் வழங்கும் தன்விவரக் குறிப்பே அது. மூன்றாண்டு கற்ற கல்வியையும் இருபதாண்டு வாழ்ந்த வாழ்வையும் ஒரு பக்கத்தில் அடக்கிக் காட்டுக என்று உலகம் கேட்கும்பொழுது நம் மாணவர் மருண்டு நிற்றலை யாம் பன்முறை கண்டிருக்கின்றோம். அம்மருட்சியின் காரணம் யாது, அதனை நீக்கும் வழி யாது என்பவற்றைக் குறித்து எமக்குத் தோன்றியவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இவ்வாண்டு எம்மிடம் திருத்தித் தருமாறு கொண்டுவரப்பட்ட குறிப்புகள் பலவற்றைப் படித்துப் பார்த்தோம். படிக்கப் படிக்க வியப்பே மிகுந்தது. எல்லாக் குறிப்புகளும் ஒரே வாக்கியத்தோடு தொடங்கின. எல்லோரும் கடின உழைப்பாளிகள். எல்லோரும் விரைவிற் கற்பவர். எல்லோரும் குழுவாகப் பணியாற்றுவதில் வல்லவர். எல்லோருக்கும் பொழுதுபோக்கு பாட்டுக் கேட்டலும் கிரிக்கெட் ஆடுதலுமே. ஒரு குறிப்பில் வேறொருவர் தந்தையாரின் பெயர் மாற்றப்படாமலே நின்றது! அதனைக் கொணர்ந்த மாணவரை வினவியபோது, கடையில் முன்னரே இருந்த ஒருவரது குறிப்பைத் திறந்து, பெயரையும் மதிப்பெண்ணையும் மாற்றி, இருபது ரூபாய்க்கு அச்சிட்டுக் கொடுத்தனர் என்றார். இரவற் சட்டை அணிந்து மணமேடை ஏறுவாரைப் போல, இரவற் சொற்களை அணிந்து நம் மாணவர் வேலைவாயில் முன் நிற்கின்றனர். சட்டையேனும் அளவு பொருந்தினால் அழகு தரும். பிறன் வாழ்க்கைக் குறிப்பு எவர்க்கும் பொருந்துவதன்று.

அம்மாணவருள் ஒருவர் சவ்வாது மலையடிவாரத்தில், செங்கத்தை அடுத்த ஒரு சிற்றூரினர். அவர் குறிப்பில் அனுபவம் என்ற தலைப்பின் கீழ் 'இல்லை' என்ற ஒரு சொல்லே இருந்தது. "விடுமுறை நாட்களில் யாது செய்வீர்?" என்று கேட்டோம். "ஒன்றும் இல்லை, ஐயா, ஊரில் பால் சொசைட்டியில் கொஞ்சம் ஒத்தாசை செய்வேன்" என்றார். மேலும் வினவ வினவ உண்மை வெளிப்பட்டது. இரண்டாண்டுகளாக, கல்லூரி விடுதிக்கு வாராத நாட்களிலெல்லாம், விடியற்காலையில் அறுபத்து மூன்று பேரிடம் பால் அளந்து, கருவியிற் கொழுப்புச் சத்தைக் கண்டு, பேரேட்டிற் பதிந்து, பணம் பட்டுவாடா செய்யும் நாளிற் கணக்கைக் கூட்டிக் கொடுப்பவர் அவரே. ஒரு முறை கூட்டலில் வேறுபாடு வந்தபோது, இரவு முழுதும் அமர்ந்து, பிழை எந்த நாளில் எந்தப் பெயருக்கு நேர்ந்தது என்று கண்டுபிடித்தவரும் அவரே. "இதனை ஏன் எழுதவில்லை?" என்றோம். "அதெல்லாம் வேலையா, ஐயா? வீட்டு வேலை போலத்தானே" என்றார்.

அன்பர்களே! நம் மாணவரின் மருட்சிக்கு மூலகாரணம் இவ்விடையில் அடங்கியிருக்கின்றது. அவர்கட்கு ஆற்றலில்லை என்பது பொய். அனுபவமில்லை என்பது அதனினும் பெரிய பொய். தாம் செய்தவற்றைச் செய்ததாக எண்ணும் வழக்கம் அவர்கட்கு இல்லை என்பதே உண்மை. நிலத்திலும் கொட்டிலிலும் கடையிலும் தாய் தந்தையரோடு உழைத்த உழைப்பு, கூலி பெறாத காரணத்தால், உழைப்பென்று எண்ணப்படாமற் போயிற்று. நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளை ஒரு கம்பெனியிற் பதினைந்து நாள் வேடிக்கை பார்த்துவந்து அதனை 'பயிற்சி' என்று எழுதும்பொழுது, ஈராண்டு கணக்கெழுதிய நம் பிள்ளை 'இல்லை' என்று எழுதுகின்றான். இவ்வநீதியை உலகம் செய்யுமுன் நாமே நமக்குச் செய்துகொள்கின்றோம்.

இதற்கு மருந்து தேடி மேனாட்டு நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. அம்மாணவர் பிறந்த செங்கம் வட்டாரத்து வயல்வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் அம்மருந்து கல்லில் எழுதிக் கிடக்கின்றது. செங்கம் நடுகற்கள் என்று ஆராய்ச்சியாளர் போற்றும் வீரக்கற்களையே குறிக்கின்றோம். தமிழ்நாட்டு அரசின் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் இவ்வட்டாரத்துக் கற்களைத் தேடிக் கண்டு, எழுத்துகளைப் படித்து, இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக வெளியிட்டனர். பல்லவர் காலத்து வட்டெழுத்தில் வெட்டிய அக்கல்வெட்டுகள் பெரும்பாலும் சில வரிகளே உடையன. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீரன் யாருடைய சேவகன், அவன் பெயர் யாது, எவ்விடத்தில் என்ன செய்து மாண்டான் என்ற இவ்வளவே அவற்றில் இருக்கும். அவன் அஞ்சா நெஞ்சினன், கடமை தவறாதவன், பண்பிற் சிறந்தவன் என்றெல்லாம் புகழ்மொழி பெய்ய ஆங்கு இடமில்லை. கல்லில் ஓர் எழுத்து வெட்டுவது எளிதன்று. ஆதலால் வேண்டுவது மட்டுமே வெட்டப்பட்டது.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்றை எம் மாணவர் அனைவரும் அறிதல் வேண்டும். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1,400 ஆண்டுகட்கு முன், வாணகோ அரையரின் உறவினர் ஒருவரிடம் பணிபுரிந்த கருந்தேவக்கத்தி என்பான், எருமை மந்தையைக் காக்கப் பொருது மாண்டான். அவனுடன் ஒரு நாயும் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். அந்நாய் யாது செய்தது என்பதையும் கல் கூறுகின்றது: இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாம். நன்றியுள்ள நாய் என்று எழுதியிருந்தால் அஃது ஆயிரம் நாய்களுள் ஒன்றாகப் போயிருக்கும். 'இரண்டு கள்ளர்' என்ற எண்ணும் 'கடித்தது' என்ற செயலும் எழுதப்பட்டமையாலன்றோ, அரசரும் அரசுகளும் மறைந்த பின்னும் அதனை இன்றும் பெயர் சொல்லி அழைக்கின்றோம்!

தன்விவரக் குறிப்பின் இலக்கணம் முழுவதும் இக்கல்லில் உள்ளது என்பது எம் துணிபு. பெயர், காலம், இடம், யாரிடத்துப் பணி, செய்த செயல், அதன் அளவு ஆகியவை இருத்தல் வேண்டும்; பண்புப் பெயர்களுக்கு அங்கு வேலை இல்லை. 'நாணயமானவன்' என்பது நாம் நம்மைப் பற்றிக் கூறும் அபிப்பிராயம். 'ஈராண்டு, நாள்தோறும் 63 பேரின் பால் அளவைப் பேரேட்டிற் பதிந்தேன். கணக்குப் பிழையை நானே கண்டு திருத்தினேன்' என்பது செயல். முன்னதைப் படிப்பவர் நம்புதற்குக் காரணம் இல்லை. பின்னதைப் படிப்பவர் நாணயமானவன் என்ற முடிவுக்குத் தாமே வருவர். அம்மாணவரின் குறிப்பை அவர் வாயாலேயே சொல்லச் செய்து அவ்வாறு திருத்தினோம். 'இல்லை' என்றிருந்த இடத்தில் நான்கு வரிகள் நின்றன. அவற்றை வாசித்தபோது அவர் நிமிர்ந்து அமர்ந்தார். அந்நிமிர்வே பாதி வெற்றி என்று எமக்குத் தோன்றிற்று.

ஆயினும், செய்தன அனைத்தையும் எல்லாரிடத்தும் கொட்டிவிடுதலும் பிழையே. வேலை கொடுப்பவருக்கு யாது வேண்டும் என்று முன்னர் அறிந்து, அதற்கு ஏற்றவற்றை முன்னும் ஏனையவற்றைப் பின்னும் வைத்தல் வேண்டும். ஓவிய உலகின் தலைமணியாகிய லியனார்டோ டாவின்சி, 1482ஆம் ஆண்டையொட்டி மிலான் நகரத்துத் தலைவர் லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு வேலை வேண்டி எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் உள்ளது. அதில் அவர் எடுத்த எடுப்பில் தம் ஓவியத்தைப் பேசினாரல்லர். எளிதிற் கொண்டுசெல்லத்தக்க பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள், மூடிய தேர்கள் என்று போருக்கு வேண்டியனவே வரிசைப்படுத்தி, அமைதிக் காலத்துக்குரிய கட்டடக் கலையும் சிற்பமும் ஓவியமும் இறுதியில் வைத்தார். பகைவர் சூழ்ந்த ஒரு தலைவனுக்கு அப்பொழுது வேண்டியது சித்திரமன்று என்று அவர் உணர்ந்திருந்தார். ஒரே குறிப்பை நூறு படி எடுத்து நூறு இடங்கட்கு அனுப்பும் நம் இளைஞர் இதனைச் சிந்திப்பாராக. ஒரு பள்ளிக்கு அனுப்புவதில் ஊர்ச் சிறுவர்க்கு மாலை வகுப்பு எடுத்தமை முன் நிற்கட்டும்; ஒரு வங்கிக்கோ பண்டகசாலைக்கோ அனுப்புவதில் பேரேடு முன் நிற்கட்டும். பொய் கூறுதலன்று இது. இலைக்கு முன் அமர்ந்தவரின் பசியறிந்து பரிமாறுதலாகும்.

எழுத வேண்டாதவற்றையும் கூறுதல் வேண்டும். நம் கடைத்தெருப் படிவத்தில் தந்தை பெயர், மதம், சாதி, மணமாயிற்றா இல்லையா, இரத்த வகை என்பனவெல்லாம் வரிசையாக நிற்கின்றன. சர்க்கார் வேலைக்குரிய விண்ணப்பத்தில் இட ஒதுக்கீட்டின் பொருட்டுச் சாதி விவரம் கேட்கப்படுகின்றது; ஆங்கு அதனைத் தக்க சான்றுடன் தருதல் நம் உரிமை. மலைவாழ் பழங்குடி மாணவர் அச்சான்றைக் கோட்டாட்சியரிடம் பெற வேண்டியிருத்தலின், விளம்பரம் வெளிவந்த பின் ஓடாமல், படிக்குங் காலத்திலேயே பெற்று வைத்துக்கொள்ளுதல் நலம். ஆனால் தனியார் கம்பெனிக்கு அனுப்பும் குறிப்பில் இவ்விவரங்கள் எதற்கு? சுகதேவ் தோராட், பால் ஆட்டுவெல் என்ற அறிஞர் இருவர், ஒத்த தகுதியுள்ள 4,808 விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் வேறுபடுத்தி 548 தனியார் வேலை விளம்பரங்கட்கு அனுப்பிச் சோதித்து, அதன் முடிவை 2007இல் வெளியிட்டனர். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்றென வைத்தால், தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குமே இருந்தன. வேலை கொடுப்போர் மனத்தில் உள்ள இம்மாசு நாட்டுக்கு வெட்கம். அதனைச் சட்டமும் காலமும் துடைத்தல் வேண்டும். அதுவரையில், கேளாத விவரத்தை நாமே எழுதிக் கொடுத்து அம்மாசுக்கு உணவளித்தல் அறிவுடைமையாகாது.

நிற்க. குறிப்பு எத்துணை நன்றாயினும் அஃது ஒரு திறவுகோலே. கதவு எங்குள்ளது என்று அதுவே காட்டமாட்டாது. கதவைத் தேடுதற்கும் செங்கமே நமக்கு ஆசிரியனாக அமைந்திருக்கின்றது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மா என்று அக்காலத்து வழங்கிய இச்செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னன் சேய் நன்னன்மீது, இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் கொண்ட பாட்டு. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சிற் கொணர்ந்ததனால் அது நம் கைக்கு எட்டிற்று. பரீட்சைக்கென அதன் அருஞ்சொற்பொருளை நெட்டுருச் செய்த நம் மாணவர், அதன் கருத்து யாதென்று ஒரு கணம் நினைத்ததுண்டோ? கூத்தர் கூட்டமொன்று வறுமையால் வாடி, தம் கலையை மதித்து ஆதரிப்பாரைத் தேடி வழி நடக்கின்றது. அவர்களை எதிர்ப்பட்ட ஒருவன், தான் நன்னனிடம் பரிசில் பெற்று மீள்பவன், அவர்களை நிறுத்தி வழி கூறுகின்றான். வேலை தேடுவார்க்கு வேலை பெற்றார் கூறும் வழிகாட்டலே ஆற்றுப்படை. பத்துப்பாட்டின் பாதி இத்துறையைச் சார்ந்தது. வேலை தேடுதலைத் தமிழர் இழிவாக எண்ணாது இலக்கியமாக்கினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அவன் கூறும் முறையை நோக்குமின். நன்னன் நல்லவன், போங்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடவில்லை. எவ்வழி சுருக்கம், எவ்வழி பாதுகாப்பு, எங்கே என்ன உணவு கிடைக்கும், எவ்வூரில் யார் விருந்தயர்வர், விலங்கு பிடிக்க வைத்த பொறிகள் எங்கே, தினைக்காவலர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், பாம்புறையும் இடம் எது, வழுக்கும் பாறை எது என்று அடி அடியாக உரைக்கின்றான். சென்று சேரவிருக்கும் தலைவனின் குடிப்பிறப்பு, அவையின் இயல்பு, அவன் கொடுக்கும் முறை ஆகியவற்றையும் முன்னரே அறிவிக்கின்றான். ஒரு வேலைக்கு விண்ணப்பிக்குமுன் அறிய வேண்டியன இவையே அல்லவா? எந்த வேலை, அதற்கு என்ன தகுதி, கடைசி நாள் எது, அந்நிலையம் செய்யும் தொழில் யாது, சம்பளம் எவ்வளவு, தங்கும் செலவு போக மீதம் எவ்வளவு என்பவற்றை ஆராயாது, நண்பன் விண்ணப்பித்தான் ஆகவே யானும் விண்ணப்பித்தேன் என்போர் நம்முட் பலர்.

ஒரே வழியில் அனைவரும் முட்டி மோதுதல் நம் நாட்டின் பெருங்குறை. இந்திய மாகாணங்களுள் முதன்முதலாகச் சென்னையில் 1929இல் சர்வீஸ் கமிஷன் நிறுவப்பட்ட நாள்முதல், சர்க்கார் உத்தியோகமே உத்தியோகம் என்ற எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றிவிட்டது. அதன் வழித்தோன்றலாகிய தமிழ்நாட்டு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2024இல் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் 20 லட்சத்திற்கும் மேற்பட்டோர். பின்னர் இடங்கள் சில ஆயிரம் கூட்டப்பட்டன எனினும், நூற்றுக்கு ஒருவர் தேறுதலும் அரிதாயிற்று. அத்தேர்வை எழுதற்க என்று யாம் கூறவில்லை. சாதி பாராது தகுதி பார்க்கும் வாயில்களுள் அது தலைசிறந்தது. எழுதுக, ஆனால் அதனையே நம்பி ஐந்தாண்டு வீட்டில் அமர்தல் வேண்டா. தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஒரு சிறு வேலையில் அமர்பவர், தேறினாலும் தேறாவிட்டாலும், நடுகல்லில் வெட்ட ஒரு செயலேனும் சேர்த்துக்கொள்வர். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திற் பதிவு செய்து மூன்றாண்டுக்கு ஒருமுறை தவறாது புதுப்பித்தலும் மறக்கத்தக்கதன்று.

இதற்கு எளிய ஒழுங்கு ஒன்று கூறுவோம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். எந்நாள், எவ்விடத்துக்கு, எவ்வேலைக்கு விண்ணப்பித்தோம், எந்தக் குறிப்பை அனுப்பினோம், யாரிடம் பேசினோம், மறுமொழி என்ன என்று கோடு கிழித்து எழுதி வருக. பத்து நாளாகியும் மறுமொழி இல்லையெனில் மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். மறுக்கப்பட்டால் காரணத்தைத் தாமே ஆராய்ந்து எதிரில் ஒரு வரி குறிக்கலாம். இவ்வாறு எழுதுபவருக்குத் தோல்வி ஒரு பாடமாகின்றது. எழுதாதவருக்கு அது தலைவிதியாகத் தோன்றுகின்றது. தொலைபேசி எண் மாறினால் அனுப்பிய இடங்கட்கெல்லாம் அறிவித்தல், சான்று கூறுவோராக எவர் பெயரையேனும் எழுதுமுன் அவரிடம் அனுமதி பெறுதல், அனுப்புமுன் அறிந்த ஒருவரைக் கொண்டு எழுத்துப் பிழை பார்த்தல் ஆகிய இச்சிறு கடமைகளையும் கைவிடற்க.

இனி, வழியிலுள்ள பொறிகளைப் பற்றிக் கூறாதொழிதல் பாவமாகும். வேலை வேட்கை மிக்க ஊர்களிலெல்லாம் தரகன் தோன்றுகின்றான். எம் வட்டாரம் இதனைக் கண்ணீரோடு அறியும். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில் 20 பேர் காவற் படையினரால் சுடப்பட்டு மாண்டனர். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களின் ஏழைத் தொழிலாளர். செம்மரக் கடத்தலில் ஈடுபட்டோர் என்றனர் காவலர். கூலி வேலைக்கென்று சென்றவர் என்று கதறினர் வீட்டார். மரத்தை விற்றுப் பொருள் சேர்க்கும் தலைவர் எவரும் அக்காட்டில் விழவில்லை என்பதொன்றை மட்டும் ஈண்டு நினைவூட்டுகின்றோம். 'எங்கே, யாரிடம், என்ன வேலை' என்ற மூன்று வினாவுக்கும் தெளிந்த விடை பெறாமல் லாரி ஏறுபவன், தன் உயிரை அடகு வைத்தே ஏறுகின்றான்.

கல்லாதாரே இவ்வலையில் வீழ்வர் என்று பட்டதாரிகள் இறுமாத்தல் வேண்டா. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற நம் தமிழ் இளைஞர் பலர், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் அடைக்கப்பட்டு, இணையவழி மோசடி செய்யுமாறு துன்புறுத்தப்பட்டனர். அவர்கள் கணினி அறிந்தவர், படித்தவர். வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்போர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய சர்க்காரில் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். அவர் பெறத்தக்க கட்டணத்தின் உச்ச வரம்பு வரி நீங்கலாக 30,000 ரூபாய். இவ்விரண்டையும் ஒவ்வொரு மாணவரும் நெஞ்சிற் பதித்துக்கொள்க. உள்நாட்டிலோ, வேலை தருமுன் பணம் கேட்பவன் வேலை தருபவனல்லன் என்பதே போதிய விதி.

ஆற்றுப்படையில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. வழி கூறுபவன் அக்கூத்தருக்கு உறவினன் அல்லன். நாள்தோறும் பழகிய நண்பனும் அல்லன். வழியில் எதிர்ப்பட்ட ஒருவனே. இதன் பொருளை அண்மைக் காலத்து ஆராய்ச்சி ஒன்று விளக்குகின்றது. அமெரிக்க சமூகவியலறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், அறிந்தவர் வாயிலாக வேலை பெற்றோரை வினவிக் கண்ட கணக்கைத் தருகின்றார். செய்தி தந்தவரை அடிக்கடி கண்டு பழகியோர் நூற்றுக்கு 16.7 பேரே, எப்போதாவது கண்டோர் 55.6 பேர், மிக அரிதாகக் கண்டோர் 27.8 பேர். காரணம் வெளிப்படை. நம் நெருங்கிய நண்பர் அறிந்தது நாமும் அறிந்ததே. தூரத்து அறிமுகம் உடையவரே நாம் அறியாத செய்தியை அறிவர். ஆதலால், பழைய வகுப்புத் தோழரின் தமையன், பக்கத்து ஊர் ஆசிரியர், விடுதியில் மூன்றாண்டு முன் இருந்த மாணவர் ஆகியோரைக் கேட்க நாணுதல் வேண்டா. 'வேலை வாங்கித் தாருங்கள்' என்று கேட்டால் அவர் அஞ்சி விலகுவர். 'உங்கள் தொழிலில் நுழைய யாது கற்க வேண்டும், எங்கே விளம்பரம் வெளிவரும்?' என்று கேட்டால் மகிழ்ந்து உரைப்பர்.

ஈண்டு ஒரு தடை எழும். "இஃது எல்லாம் சிபாரிசு என்னும் பழைய நோய்க்குப் புதிய பெயரல்லவா? செல்வாக்குள்ளோர் பிள்ளைகட்கு அல்லவோ இது பயன்படும்?" என்று கேட்பாருண்டு. நல்ல கேள்வியே. ஆயினும் சிபாரிசு வேறு, ஆற்றுப்படை வேறு. சிபாரிசு செய்பவன் தகுதியைக் கேளாது ஒருவனுக்காகக் கதவைத் திறந்து, ஏனையோர்க்கு அதனை அடைக்கின்றான். ஆற்றுப்படுத்துபவன் கதவு இருக்கும் இடத்தை எல்லார்க்கும் சொல்கின்றான். உட்சென்று கலையைக் காட்டிப் பரிசில் பெறுதல் சென்றவர் பொறுப்பு. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தந்தையும் மாமனும் இல்லத்திலேயே ஆற்றுப்படை பாடுகின்றனர். அவனுக்கு அச்செய்தி உணவு மேசையில் இலவசமாகக் கிடைக்கின்றது. பால் சொசைட்டியில் கணக்கெழுதும் பிள்ளைக்கு யார் பாடுவார்? கல்லூரியும் அதன் பழைய மாணவரும் பாடாவிடின் எவரும் பாடார். ஆதலின் வழிகாட்டுதல் அநீதியன்று, வழிகாட்டாமையே அநீதி.

இக்காரணத்தாலேயே நம் ஆசிரியப் பெருமக்களையும் பழைய மாணவரையும் நோக்கி இரண்டொரு சொற்கள் கூற விரும்புகின்றோம். ஆசிரியர்காள்! இறுதி ஆண்டின் இறுதித் திங்களில் ஒரு சொற்பொழிவாளரை வருவித்து இரண்டு மணி நேரம் பேசச் செய்வதோடு நம் கடமை தீர்ந்ததென்று கருதற்க. முதலாண்டிலேயே ஒவ்வொரு மாணவரும் தாம் செய்த வேலைகளைத் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். தாய்மொழியில் தெளிவாகக் கூறவியலாததை ஆங்கிலத்தில் எவ்வாறு கூறுவர்? ஆண்டுதோறும் அப்பக்கத்தில் வரிகள் கூடட்டும். மூன்றாம் ஆண்டில் அதனை ஆங்கிலத்திற் பெயர்க்க நாம் உதவுவோம். கடைத்தெருப் படிவம் தானே மறையும்.

பழைய மாணவர்காள்! மலைபடுகடாத்தில் வழி கூறுபவன் அக்கூத்தருக்கு ஒரு கட்டளையும் இடுகின்றான். பெயர் எழுதி நட்ட கற்கள் நிற்கும் கவர்த்த வழிகள் பல உள்ளன. புதியோராகிய நீங்கள் அவ்விடங்களில் வழியைத் துடைத்து, பின்வருவோர் அறியும் பொருட்டுப் புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்கின்றான். எத்துணைப் பெரிய அறம் இது! இன்னும் பரிசில் பெறவில்லை, பசி தீரவில்லை, ஆயினும் பின்வருபவனை நினைந்து ஒரு முடிச்சுப் போடு என்பது அதன் கருத்து. தாங்கள் அனைவரும் அவ்வழி நடந்து பரிசிலும் பெற்றவர். சென்னையிலும் ஓசூரிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அமர்ந்துள்ள தாங்கள் முடிந்து வைத்த புல் எங்கே? பொருளுதவி நாங்கள் கேட்கவில்லை. தாங்கள் இப்பொழுது செய்யும் வேலை யாது, அதனை எவ்வாறு அறிந்தீர், எத்தனை முறை மறுக்கப்பட்டீர், எங்கே வழுக்கி விழுந்தீர் என்று ஒரு பக்கம் எழுதிக் கல்லூரி நூல்நிலையத்துக்கு அனுப்புங்கள். அப்பக்கங்களை ஒரு தொகுப்பாகக் கட்டி, எந்த மாணவரும் எடுத்துப் படிக்குமாறு மேசைமேல் வைத்தல் வேண்டும் என்பது எம் வேண்டுகோள். வென்றதை மட்டும் எழுதற்க, விழுந்ததையும் எழுதுக. பின்வருபவனுக்குப் பாறையின் அழகைவிட அதன் வழுக்கலே அறிய வேண்டுவது.

மாணவர்காள்! உங்கட்கு இறுதியாக ஒன்று. வேலை கிடையாத நாட்கள் நீண்டுவிட்டால் ஊராரும் உறவினரும் கேட்கும் கேள்விகள் முள்ளாகத் தைக்கும். அந்நாட்களில் உங்கள் மதிப்பை மறுமொழி வாராத கடிதங்களைக் கொண்டு அளவிடற்க. நன்னனைத் தேடிச் சென்ற கூத்தர் வறியராயிருந்தனரேயன்றி இரவலராகத் தலைகுனிந்திலர். தோளில் முழவும் யாழும் சுமந்து சென்றனர். உங்கள் தோளிலும் ஒன்று உள்ளது. அது பால் அளந்த பேரேடாக இருக்கலாம். தம்பி தங்கையரைப் படிப்பித்த மாலைப்பொழுதாக இருக்கலாம். தந்தையாரோடு மல்லாட்டைக்கொடி பிடுங்கி மூட்டை எண்ணிய களமாக இருக்கலாம். அதனை முதலில் நீங்கள் அறிந்துகொள்ளுங்கள். பின்னர் எண்ணோடும் செயலோடும் எழுதுங்கள்.

எம்மிடம் வந்த அச்செங்கத்து மாணவர் இக்கட்டுரை எழுதும் இந்நாள் வரை வேலை பெற்றிலர். பதினொரு இடங்கட்கு எழுதியுள்ளார், இரண்டிடங்களிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது, ஒன்றில் மறுக்கப்பட்டார், மற்றொன்றின் முடிவை எதிர்நோக்கி இருக்கின்றார். ஆயினும் சென்ற வாரம் அவர் மரநிழலில் அமர்ந்து தம்மிலும் இளைய மாணவர் ஒருவரின் குறிப்பைத் திருத்திக்கொண்டிருக்கக் கண்டோம். "விடுமுறையில் என்னப்பா செய்வாய்?" என்று அவர் கேட்டது எம் செவியில் விழுந்தது. இன்னும் பரிசில் பெறாத கூத்தர் ஒருவர் கவர்த்த வழியிற் புல் முடிகின்றார் என்று எண்ணி, மகிழ்ந்து அப்பாற் சென்றோம்.